லித்தியம் மைக்காவ எப்டி கண்டுபிடிக்கிறது, எங்கெங்க கிடைக்குது: ஒரு சேலத்துக்காரனோட முழு வழிகாட்டி

காலைல ஆறு மணிக்கு சங்ககிரில இருந்து மாமா போன். "மாப்ள, நம்ம கெணத்த ஆழப்படுத்துனோமில்ல, அதுல லித்தியம் வந்துருக்குடா, ரோஸ் கலர்ல மினுமினுன்னு காக்காப்பொன்னு, செல்போன்ல பாத்தேன் அச்சு அசலா அதேதான்"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு, டன்னு என்ன வெலைக்கு போகும்னு கேட்டாரு. நான் இன்னும் காபி கூட குடிக்கல. ஒரு வாரமா ஏற்காட்டு மலைல லித்தியம் இருக்குன்னு வேற ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுத்திக்கிட்டு இருந்துச்சு, அது போதாதுன்னு இது.

நான் பெரிய ஜியாலஜிஸ்ட் எல்லாம் இல்லீங்க, காலேஜ்ல படிச்சது அதான், இப்ப பொழப்பு வேற, ஆனா ஞாயித்துக்கெழம ஆனா சுத்தியும் லென்ஸும் எடுத்துட்டு கரடு கரடா சுத்துற பழக்கம் மட்டும் போகல. மாமாவுக்கு சொன்னதையே கொஞ்சம் ஒழுங்கா எழுதி வச்சா நாலு பேருக்கு உதவும்னுதான் இத டைப் பண்றேன். ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன், மைக்காவ கலர வச்சு முடிவு பண்ணாதீங்க, அது யார் பக்கத்துல உக்காந்துருக்குன்னு பாருங்க. பொண்ணு பாக்கப் போனா பொண்ண மட்டுமா பாக்குறோம், அக்கம்பக்கத்துல விசாரிக்கிறோமில்ல, அதே கதைதான் இங்கயும்.

மொதல்ல லித்தியம் மைக்கான்னா என்னன்னு தெரிஞ்சுக்கோங்க

மைக்கான்னா நம்மூர்ல காக்காப்பொன்னு, சித்த வைத்தியத்துல அப்பிரகம்னு சொல்றது. ஏடு ஏடா உரியும், ஏன்னா உள்ள அமைப்பே அப்டித்தான். சிலிக்காவும் அலுமினியமும் சேந்த கெட்டித் தகடுகள், அந்தத் தகடுகளுக்கு நடுவுல பொட்டாசியம் பசை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், அந்தப் பசை ரொம்ப வீக், அதனாலதான் நகத்த வச்சு தள்ளுனாலே பிரிஞ்சு வருது. வெள்ளி மாதிரி இருக்குறது மஸ்கோவைட், கருப்பா இருக்குறது பயோடைட், பழுப்பா இருக்குறது ஃப்ளோகோபைட். இந்தத் தகட்டுக்குள்ள அலுமினியமோ இரும்போ இருக்க வேண்டிய எடத்துல லித்தியம் போயி உக்காந்துட்டா அதான் லித்தியம் மைக்கா. அது கூடவே ஃப்ளோரினும் நெறைய வரும்.

இதுல பேர் கொழப்பம் ஜாஸ்தி. லெபிடோலைட்டுன்னு எல்லாரும் சொல்றது உண்மைல ஒரே கனிமம் இல்ல, பாலிலித்தியோனைட்டுன்னு ஒண்ணு, ட்ரைலித்தியோனைட்டுன்னு ஒண்ணு, இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்கிற மைக்காக்களுக்கு குடும்பப் பேரு. செக் நாட்டுல மொராவியா பக்கம் ரோஷ்னாங்கிற ஊர்ல கெடச்ச கல்லுக்கு 1792ல கிளாப்ரோத் வச்ச பேரு இது, கிரேக்கத்துல லெபிடோஸ்னா செதிள், மீன் செதிள் மாதிரி இருக்குறதால. ரெண்டாவது சின்வால்டைட், இது இரும்பு கலந்தது, ஜெர்மனி செக் எல்லைல இருக்குற சின்வால்டுங்கிற ஊர் பேர வச்சு 1845ல ஹைடிங்கர் வச்ச பேரு. இதுபோக மாங்கனீஸ் கலந்த மசுடோமிலைட், மெக்னீசியம் கலந்த டைனியோலைட்டுன்னு சில சில்லறை ஐட்டங்கள் உண்டு, நம்ம வாழ்க்கைல அதெல்லாம் பாக்கப் போறது சந்தேகம், விட்டுருவோம்.

படி 1: கல்ல எடுக்குறதுக்கு முன்னாடி ஊரோட பாறையப் பாருங்க

இதுலதான் அந்த ஏற்காடு ஃபார்வர்டு அடி வாங்குது. சேலம் டவுன்ல இருந்து 20 ஹேர்பின் வளைவு ஏறி மேல போறீங்களே, அந்த சேர்வராயன் மலை முக்காவாசி சார்னோகைட், நாம கருங்கல்லுன்னு சொல்றது. 250 கோடி வருஷப் பழசு. பூமிக்கு ரொம்ப ஆழத்துல, 700, 800 டிகிரி சூட்டுல வெந்து, தண்ணியெல்லாம் வத்திப் போன வறட்டுப் பாறை. லித்தியத்துக்கு அப்டிப்பட்ட எடம் புடிக்காது. அது தண்ணியோடயும் உருகுன குழம்போடயும் ஓடிப் போற ஆளு, வறுத்தெடுத்த பாறைக்குள்ள தங்கி குடித்தனம் பண்ணாது. மலை உச்சில சேர்வராயன் கோயில் பக்கம் செம்மண்ணா கெடக்கே, அது பாக்சைட், அலுமினியத்துக்கானது, அந்தக் காலத்துல மேட்டூர் அலுமினிய ஃபேக்டரிக்கு இங்க இருந்துதான் போச்சு. அதுக்கும் லித்தியத்துக்கும் சம்பந்தமே இல்ல.

மலைக்கு கீழ வெள்ளக்கல்பட்டி பக்கம் வெள்ள வெளேர்னு கெடக்குறது மேக்னசைட், அது மெக்னீசியம் ஜாஸ்தியா இருக்குற பாறை சிதைஞ்சு வந்தது. கஞ்சமலை இரும்பு. இது மூணும் நம்மூரோட பெருமைதான், ஆனா லித்தியம் தேடுறவன் இந்த மூணு எடத்துலயும் பெட்ரோல் வேஸ்ட் பண்ண வேண்டாம்.

அப்ப எங்க பாக்கணும்? கிரானைட்டு இருக்குற எடம், அந்த கிரானைட்ட ஒட்டி நரம்பு மாதிரி ஓடுற பெக்மடைட்டு. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் கிரானைட்டு இருக்கு. அங்கேந்து நாமக்கல், கரூர், காங்கேயம் வரைக்கும் வெங்கச்சங்கல்லும் (அதான் குவார்ட்ஸ்), பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் போற ஃபெல்ட்ஸ்பார் கல்லும் தோண்டுற குவாரி பாத்துருப்பீங்க, அதெல்லாம் பெரும்பாலும் பெக்மடைட்டுதான். காங்கேயத்துக்கிட்ட படியூர்ல வெள்ளைக்காரன் காலத்துலயே பெரில் கல்லு தோண்டி எடுத்துருக்காங்க, கடல் நெறத்துல இருக்குற அக்வாமரைன். பெக்மடைட்டுல பெரில் வருதுன்னா அந்தக் குழம்பு சாதாரணக் குழம்பு இல்ல, கொஞ்சம் பக்குவப்பட்டதுன்னு அர்த்தம். அதனால மாமா கெணறு சங்ககிரின்னு சொன்னதும் நான் எடுத்த எடுப்புல சிரிக்கல, ஏற்காடுன்னு சொல்லிருந்தா போன வச்சிருப்பேன்.

மேப்புக்கு காசு செலவு பண்ண வேண்டாம். ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவோட பூகோஷ் தளத்துல கணக்கு ஒண்ணு ஓபன் பண்ணா 1:50,000 அளவுல பாறை வரைபடம் ஃப்ரீயா கெடைக்குது. உங்க கிராமத்த தேடிப் புடிச்சு அதுல என்ன பாறைன்னு மொதல்ல பாருங்க. சார்னோகைட்டுன்னு போட்டுருந்தா டீ குடிச்சுட்டு தூங்குங்க.

படி 2: பெக்மடைட்டு நரம்ப நடந்து பாக்குறது

ஏன் பெக்மடைட்டுன்னு கேட்டா, கிரானைட்டுக் குழம்பு ஆறி இறுகுறப்ப ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் எல்லாம் தனக்குப் புடிச்ச அணுக்கள எடுத்துக்கிட்டு மொதல்ல படிகமாயிடும். லித்தியம், சீசியம், டான்டலம், பெரிலியம் மாதிரி ஆளுங்கள யாரும் சேத்துக்க மாட்டாங்க, சைஸும் சார்ஜும் ஒத்து வராது. கல்யாண வீட்டுல கடைசிப் பந்திக்கு நிக்கிறவங்க மாதிரி இதுங்க கடைசில மிச்சம் இருக்குற குழம்புலயே சேந்துக்கிட்டே போகும், கூட தண்ணியும் ஃப்ளோரினும் போரானும் சேந்துக்கும், அதனால அந்தக் கடைசிக் குழம்பு தண்ணி மாதிரி எளகி, குறைஞ்ச சூட்டுலயும் ஓடி, பக்கத்துப் பாறைல இருக்குற விரிசல்ல பூந்து உறையும். அதான் பெக்மடைட்டு. கிரானைட்டு தாய்வீடுன்னா, அதுக்கு ரொம்ப கிட்ட இருக்குற நரம்புல சரக்கு கம்மியாத்தான் இருக்கும், கொஞ்சம் தள்ளிப் போன நரம்புலதான் லித்தியம் எதிர்பாக்கலாம்.

ஒரு நரம்புக்குள்ளயும் வரிசை உண்டு. ஓரத்துல பொடிக்கல்லு, உள்ள வர வர பெருசு பெருசா ஃபெல்ட்ஸ்பார், மஸ்கோவைட், நடுவுல குவார்ட்ஸ் மட்டும் ஒரு வெள்ளக் கட்டி. லெபிடோலைட் இருந்தா அந்த நடுக் குவார்ட்ஸ ஒட்டித்தான் பெரும்பாலும் இருக்கும். ஓரத்துல இருக்குற மைக்காவ மட்டும் பாத்துட்டு இல்லன்னு திரும்பி வந்துடாதீங்க, நானே ரெண்டு தடவ அப்டி வந்துருக்கேன்.

இப்ப பக்கத்து வீட்டுக்காரங்க யாருன்னு பாக்கணும். இதுதான் இந்த மொத்த வேலைலயே முக்கியம்:

- டூர்மலின் என்ன கலர்? கரிக்கட்டை மாதிரி கருப்பு டூர்மலின் மட்டும் இருந்தா சாதா நரம்பு. பச்சை, ரோஸ், வெளிய பச்சை உள்ள ரோஸ்னு தர்பூசணி மாதிரி இருந்தா அது எல்பைட், அதுவே லித்தியம் கல்லு, நெஞ்சு படபடக்க ஆரம்பிக்கலாம்.
- ஃபெல்ட்ஸ்பார் வெள்ளையா, மெல்லிசு மெல்லிசா பிளேடு அடுக்குன மாதிரி இருக்கா? அது கிளீவ்லாண்டைட், லெபிடோலைட்டோட நெருங்குன சிநேகிதன்.
- கருப்பா, கையில எடுத்தா சைஸுக்கு மீறின கனமா இருக்குற கல்லு இருக்கா? கொலம்பைட் டான்டலைட்டா இருக்கலாம், பழுப்புக் கருப்பா இருந்தா வெள்ளீயம் தர்ற காசிட்டரைட்டா இருக்கலாம்.
- லித்தியம் கல்லுங்களான ஸ்போடுமீன், ஆம்பிளிகோனைட், அப்றம் சீசியம் தர்ற பொலூசைட்டு, ரோஸ் பெரில். இதுல ஒண்ணு கண்ணுல பட்டாலும் அங்கயே உக்காந்து நல்லாப் பாருங்க.

இன்னொரு விஷயம் நெறைய பேர் கவனிக்க மாட்டாங்க. நரம்ப மட்டும் பாக்காம நரம்பு வெட்டிப் போற பாறையையும் பாருங்க. லித்தியம் அயனியும் மெக்னீசியம் அயனியும் சைஸ்ல கிட்டத்தட்ட அண்ணன் தம்பி, அதனால நரம்புல இருந்து கசியுற லித்தியம் பக்கத்துல இருக்குற கரும்பாறைல மெக்னீசியத்தோட எடத்துல போயி உக்காந்துக்கும். ஆம்பிபோலைட் பாறையா இருந்தா ஊதா கலந்த நீலத்துல ஹோம்குவிஸ்டைட்டுன்னு ஒரு கனிமம் ஊசி ஊசியா வரும். நரம்பு மண்ணுக்குள்ள மறைஞ்சுருந்தாலும் இது காட்டிக் குடுத்துரும்.

பெக்மடைட்டு இல்லாம வேற வழியும் ஒண்ணு இருக்கு, கிரைசன். கிரானைட்டோட தலைப்பகுதிய ஃப்ளோரின் கலந்த சுடுதண்ணி அரிச்சு, ஃபெல்ட்ஸ்பார் எல்லாம் போயி குவார்ட்ஸும் மைக்காவும் மட்டும் மிஞ்சுன சாம்பல் கல்லு. சின்வால்டைட் அங்கதான் வரும், கூட்டாளிங்க வெள்ளீயம், டங்ஸ்டன், டோபாஸ்.

படி 3: கையில எடுத்து சோதிக்கிறது

மாமா கல்லுக்கு வருவோம். அடுத்த ஞாயித்துக்கெழம பஸ் ஏறிப் போனேன். கெணத்து மேட்டுல குவிச்சு வச்சுருந்தாங்க, தூரத்துல பாத்தா நிஜமாவே ரோஸ்தான், எனக்கே ஒரு நிமிஷம் பக்குன்னுச்சு.

செஞ்சது இதான். கத்தி முனைல ஒரு ஏடு உரிச்சு வெள்ளப் பேப்பர் மேல வச்சேன். கலரே இல்ல. கண்ணாடி. அப்ப ரோஸ் எங்கேந்து வந்துச்சு? அதுக்கு அடில இருந்த ஃபெல்ட்ஸ்பார் ரோஸ், மைக்கா வெறும் சன்னல் கண்ணாடி, பின்னாடி இருக்குற சுவத்தோட கலர நமக்கு காட்டுது. செல்போன்ல ஃபோட்டோ எடுத்தா இது தெரியவே தெரியாது, அதனால ஃபோட்டோ அனுப்பி என்ன கல்லுன்னு கேக்குறத விட்டுட்டு மொதல்ல உரிச்சுப் பாருங்க. ஏடு ரொம்ப மெல்லிசா இருந்தா நெஜ லெபிடோலைட் கூட வெளிறித்தான் தெரியும், கொஞ்சம் கனமா எடுங்க.

நெஜ லெபிடோலைட் பெரும்பாலும் பெரிய பெரிய தாளா வராது. சின்னச் சின்ன செதிளா, சக்கரைக்கட்டி மாதிரி பொடிப்பொடியா சேந்து ஊதா, இளஞ்சிவப்பு, சாம்பல் கலந்த ஊதான்னு இருக்கும், நாவப்பழச் சாற பால்ல கலந்த மாதிரி ஒரு கலரு. வெயில்ல திருப்புனா ஆயிரம் ஊசி முனை மாதிரி மின்னும். கெட்டித்தன்மை மோஸ் அளவுல 2.5ல இருந்து 3.5, எடை அடர்த்தி 2.8, 2.9, ஆனா மஸ்கோவைட்டும் ஏறக்குறைய அதே கணக்குதான், அதனால நகத்துல கீறிப் பாக்குறது, எடை போட்டுப் பாக்குறது எல்லாம் இங்க உதவாது.

இப்ப கலர் ரகசியம். லெபிடோலைட்டுக்கு ஊதா குடுக்குறது லித்தியமே இல்ல, மாங்கனீஸ். லித்தியத்துக்கு கலர் குடுக்குற சக்தியே கிடையாது. மாங்கனீஸ் இருந்து இரும்பு கம்மியா இருந்தா சாதா மஸ்கோவைட்டு கூட ரோஸா வரும், அமெரிக்காவுல நியூ மெக்சிகோ ஹார்டிங் சுரங்கத்து ரோஸ் மஸ்கோவைட்டு இதுக்கு பேர் போனது. அதேமாதிரி மாங்கனீஸ் இல்லாம லித்தியம் நெறஞ்ச மைக்கா வெள்ளையாவோ மஞ்சளாவோ சாம்பலாவோ இருக்கலாம். சின்வால்டைட் பழுப்பும் வெள்ளியும் கலந்து பாக்கவே பரிதாபமா இருக்கும், யாரும் குனிஞ்சு எடுக்க மாட்டாங்க, ஆனா உள்ள சரக்கு இருக்கும்.

நம்ம பக்கம் ஏமாத்துற இன்னொரு ஆளு வெர்மிகுலைட். திருப்பத்தூர் பக்கம் செவத்தூர்ல நெறைய இருக்கு, தங்க நெறத்துல மினுக்கும், அதப் பாத்துட்டு தங்கம்னே நெனச்சவங்க உண்டு. அடுப்பு நெருப்புல காட்டுனா புழு நெளியுற மாதிரி நெளிஞ்சு பல மடங்கு ஊதும், சந்தேகம் அப்பவே தீந்துரும். ஊதாக் கலர் ஃப்ளோரைட்டும் ஏமாத்தும், ஆனா அது ஏடா உரியாது.

படி 4: தீ சோதனை

எனக்கு இதுதான் ரொம்ப புடிச்ச பகுதி. லித்தியம் நெருப்புல பட்டா கருஞ்சிவப்பா எரியும், கார்த்திகைக்கு கொளுத்துற செவப்பு மத்தாப்பு மாதிரி.

தேவையானது: கடைல விக்கிற சின்ன கேஸ் டார்ச், நீளமான ட்வீசர், கண்ணுக்கு கண்ணாடி, இருட்டான எடம். வெளிய காத்தாட செய்யுங்க, லெபிடோலைட்டுல ஃப்ளோரின் இருக்கு, சுட்டா வர்ற ஆவி நல்லதில்ல, சமையக்கட்டுல பண்ணாதீங்க. சின்ன செதில் ஒண்ண முனைல புடிச்சு நீல நெருப்போட நுனில காட்டுங்க. ரெண்டு விஷயம் பாக்கணும்.

ஒண்ணு, உருகுதா. லெபிடோலைட் சட்டுன்னு கொப்பளிச்சு பொங்கி கண்ணாடி மணி மாதிரி உருண்டுக்கும், சின்வால்டைட் கருத்த மணியா உருகும். மஸ்கோவைட் அடம் புடிக்கும், வெளுத்துப் போயி ஓரம் லேசா மழுங்குனா பெருசு. கலர விட இந்த உருகுற குணத்ததான் நான் ஜாஸ்தி நம்புறேன்.

ரெண்டு, நெருப்போட கலர். இங்க ஒரு பெரிய இடைஞ்சல், சோடியம். துளி உப்பு பட்டாலும் நெருப்பு பூரா மஞ்சளாயிடும், நம்மூர் வெயில்ல கைல வேர்வை ஊத்துற ஊத்துக்கு கல்லத் தொட்டாலே உப்புதான். கல்ல நல்லாக் கழுவி, காயவச்சு, விரல் படாம ட்வீசர்லயே எடுங்க. மஞ்சள மறைக்க நீலக் கண்ணாடி வழியா பாருங்கன்னு ஸ்கூல் லேப்ல சொல்லிக் குடுத்துருப்பாங்க, இங்க அது வேலைக்கு ஆகாது, நாம பாக்குற மைக்கா எல்லாத்துலயும் பொட்டாசியம் இருக்கு, நீலக் கண்ணாடி வழியா பாத்தா பொட்டாசியமே சிவப்பு கலந்த ஊதாவா தெரிஞ்சு லித்தியம்னு நம்ப வச்சுரும். நான் ஒரு மாசம் இப்டி ஏமாந்து நம்ம கரட்டுல கெடந்த சாதா மைக்காவ எல்லாம் லித்தியம்னு டப்பால போட்டு லேபிள் ஒட்டி வச்சுருந்தேன்.

இதுக்கு நல்ல வழி பழைய சிடி. ஒரு அட்டைப் பெட்டில மெல்லிசா ஒரு கீறல் போட்டு, உள்ள சிடி துண்ட சாய்ச்சு ஒட்டி, மேல ஒரு ஓட்டை வச்சா அதுவே ஸ்பெக்ட்ரோஸ்கோப். நெருப்ப அது வழியா பாத்தா சோடியம் 589 நானோமீட்டர்ல மஞ்சக் கோடா தனியா நிக்கும், லித்தியம் இருந்தா 671 நானோமீட்டர் பக்கம் சிவப்புல ஒரு தனிக் கோடு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது. 1861ல புன்செனும் கிர்க்காஃபும் இதே முறைலதான், 150 கிலோ லெபிடோலைட்ட கரைச்சு வடிச்சு, அதுல புதுசா ரெண்டு கருஞ்சிவப்புக் கோடு தெரியுறதப் பாத்து ருபிடியம்னு ஒரு தனிமத்தையே கண்டுபிடிச்சாங்க. அவங்ககிட்ட இருந்தது பிரிசம், நம்மகிட்ட இருக்குறது பழைய பாட்டு சிடி, அவ்ளோதான் வித்தியாசம்.

படி 5: லேப்

நாலு படியும் தாண்டுன கல்ல மட்டும் லேபுக்கு அனுப்புங்க. இதுல நான் காசு விட்ட கதைய சொல்றேன். ஒரு எடத்துல துப்பாக்கி மாதிரி இருக்குற எக்ஸ்ஆர்எஃப் மெஷின (எக்ஸ்ரே பாய்ச்சி கல்லுல என்னென்ன தனிமம் இருக்குன்னு காட்டுறது) வச்சு கல்ல சுட்டு, பெரிய லிஸ்டா ரிப்போர்ட் குடுத்தாங்க, அதுல லித்தியமே காணோம். நானும் இல்லைன்னு நெனச்சு கல்லத் தூக்கி ஓரமா போட்டுட்டேன். அப்றம்தான் மண்டைல ஒறைச்சுது, லித்தியம் அணு எண் 3, அவ்ளோ லேசான தனிமம் அந்த மெஷின் கண்ணுக்கு தெரியவே தெரியாது, இருந்தாலும் காட்டாது இல்லன்னாலும் காட்டாது. படிச்சவன் நானே மறந்துட்டு அவங்கள குத்தம் சொல்லி என்ன பண்றது.

ஆனா அந்த ரிப்போர்ட்ட குப்பைல போடாதீங்க, அதுல ருபிடியம், சீசியம் தெரியும். ருபிடியம் பொட்டாசியத்துக்கு பதிலா மைக்காக்குள்ள பூந்துக்குற ஆளு, லித்தியம் மாதிரியே கடைசிக் குழம்புல சேர்றது. பொட்டாசியத்தோட அளவ ருபிடியத்தோட அளவால வகுத்துப் பாத்தா, அந்த எண் கொறையக் கொறைய நரம்பு நல்லா பக்குவப்பட்டதுன்னு அர்த்தம். நேரடியா லித்தியம் வேணும்னா சோடியம் பெராக்சைடு போட்டு உருக்கி கரைச்சு ஐசிபில (கரைசல்ல இருக்குற தனிமங்கள அளக்குற மெஷின்) அளக்க சொல்லுங்க. லேபுகளோட தரத்துக்கு சான்று குடுக்குற என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கான்னும், லித்தியம் அந்த லிஸ்ட்ல இருக்கான்னும் கேட்டுட்டு அனுப்புங்க. லித்தியம் போரேட்டுல உருக்குற முறைன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, லித்தியத்த கொட்டி லித்தியத்த அளக்க முடியாது. பெரியார் யுனிவர்சிட்டில ஜியாலஜி டிபார்ட்மென்ட் இருக்கு, மரியாதையா கல்லோட போயி கேட்டா எங்க அனுப்பலாம்னு வழியாவது சொல்லுவாங்க.

ரிப்போர்ட் வந்ததும் யூனிட்ட பாருங்க. லித்தியம்னு போட்டுருந்தா 2.153 ஆல பெருக்குனா லித்தியம் ஆக்சைடு, 5.323 ஆல பெருக்குனா லித்தியம் கார்பனேட். இத மாத்திப் பேசித்தான் பாதி வதந்தி கெளம்புது. நல்ல லெபிடோலைட்டுல ஆக்சைடு 3ல இருந்து 5 சதவீதம் இருக்கும். 4 சதவீதம்னு வச்சா ஒரு டன்னு சுத்த லெபிடோலைட்டுல ஆக்சைடு 40 கிலோ, லித்தியம் 18.6 கிலோ, கார்பனேட்டா கணக்கு போட்டா 99 கிலோ. ஆனா பூமில சுத்த லெபிடோலைட்டா கெடக்காது, பாறையோட கலந்துதான் இருக்கும். பாறைல 0.4 சதவீதம் ஆக்சைடு இருந்தா, ஒரு சொட்டு வீணாகாம எடுத்தாலும் ஒரு டன்னு கார்பனேட்டுக்கு 100 டன்னுக்கு மேல பாறைய ஒடைக்கணும். மிச்சக் கழிவ எங்க கொட்டுறது? சீனாவுல இதே தலைவலிதான்.

எங்கெங்க கெடைக்குது

இந்தியாவுல லெபிடோலைட்டுக்கு பேர் சொல்ற எடம் பஸ்தர். சத்தீஸ்கர் சுக்மா மாவட்டத்துல கோவிந்த்பால், முண்ட்வால், டோங்பால் பக்கம் பெக்மடைட்டுல வெள்ளீயம், கொலம்பைட் டான்டலைட் கூட லெபிடோலைட் வருது, மேல சொன்ன கூட்டாளிங்க அப்டியே ஆஜர். பழைய ஹசாரிபாக் மைக்கா பெல்ட்டுல பிஹ்ரா, இப்ப ஜார்கண்ட். ராஜஸ்தான் நாகௌர் பக்கம் டேகானா, அது டங்ஸ்டன் எடுத்த மலை, அங்க சின்வால்டைட் வகை. கர்நாடகா மண்டியால மார்லகல்லா நியூஸ்ல வந்துச்சே, அது மைக்கா இல்ல, ஸ்போடுமீன், 1,600 டன்னு லித்தியம் இருக்கலாம்னு மதிப்பு சொன்னாங்க. 2023 பிப்ரவரில ஜம்மு காஷ்மீர் ரியாசில 59 லட்சம் டன்னுன்னு சொன்னது தாதுவோட எடை, லித்தியத்தோட எடை இல்ல, அதுவும் மைக்கா கெடையாது, பாக்சைட் களிமண் வகை. டிவில இத சேத்து சேத்துப் பேசி மக்கள கொழப்பி விட்டுட்டாங்க.

வெளிநாட்டுல பெரிய தலை சீனாவோட ஜியாங்ஷி மாகாணத்துல யிச்சுன். பெக்மடைட்டு நரம்பு இல்ல, கிரானைட்டே லெபிடோலைட் கலந்து மலை மலையா இருக்கு. அங்க இருக்குற ஜியான்ஷியாவோ சுரங்கத்தோட லைசன்ஸ் 2025 ஆகஸ்ட்ல முடிஞ்சு வேலைய நிறுத்துனதும் உலகம் பூரா லித்தியம் வெலை எகிறுச்சு, ஒரு மைக்கா சுரங்கத்துக்கு இவ்ளோ பவரான்னு எனக்கே ஆச்சரியம். பிரான்சுல போவுவார், ஏற்கெனவே பீங்கான் மண்ணு எடுக்குற எடத்துக்கு அடில லெபிடோலைட் கிரானைட்டு, வருஷத்துக்கு 34,000 டன்னு லித்தியம் ஹைட்ராக்சைடு எடுக்கப் போறதா 2022ல அறிவிச்சாங்க. செக் எல்லைல சினோவெட்ஸ், அதான் பழைய சின்வால்டு, இங்க மைக்கால இரும்பு இருக்குறதால பலமான காந்தம் வச்சே பிரிக்கலாம், லெபிடோலைட்டுக்கு அந்த வசதி இல்ல, நொரை கட்டி மிதக்க வச்சுத்தான் பிரிக்கணும். இங்கிலாந்துல கார்ன்வால் செயின்ட் ஆஸ்டல். ஜிம்பாப்வே பிகிட்டா, நமீபியா கரிபிப், மொசாம்பிக் ஆல்டோ லிகோன்யா, கனடா டான்கோ, போர்ச்சுகல் கொன்சாலு, பிரேசில் மினாஸ் ஜெராய்ஸ், கலிஃபோர்னியா பாலா எல்லாம் பெக்மடைட்டு வகை.

ஆன்லைன்ல லெபிடோலைட் பிரேஸ்லெட் போட்டா மன அழுத்தம் போகும், ஏன்னா லித்தியம் மருந்தாச்சேன்னு விக்கிறாங்க. லித்தியம் கார்பனேட் மனநல மருந்து, உண்மைதான், டாக்டர் ரத்தத்துல அளவு பாத்து பாத்து குடுக்குறது. கல்லுக்குள்ள பூட்டிக் கெடக்குற லித்தியம் தோல் வழியா எறங்காது. கைல வச்சுப் பாத்துப் பழக ஒரு துண்டு வேணும்னா வாங்கிக்கோங்க, தப்பில்ல.

தோண்டுறதுக்கு முன்னாடி சட்டம்

ரிசர்வ் ஃபாரஸ்ட்டுல, சேர்வராயன் மலைல நெறைய எடம் அதான், கல்ல எடுத்து பைல போடுறதே குத்தம், பாருங்க, ஃபோட்டோ எடுங்க, வச்சுட்டு வாங்க. பட்டா நெலம் நம்மளது, உள்ள இருக்குறதும் நம்மளதுன்னு மாமா மாதிரி கெளம்பிடக் கூடாது, எடுத்து விக்க சுரங்க குத்தகை வேணும். லித்தியம் முன்னாடி அணுக் கனிமங்கள் பட்டியல்ல இருந்துச்சு, 2023 திருத்தத்துல அத வெளிய எடுத்து முக்கிய கனிமம்னு வச்சு, ஏலம் விடுற அதிகாரத்த மத்திய அரசு கைல வச்சுக்கிச்சு. மைக்கா, குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் 2015ல இருந்து சிறு கனிமமா இருந்துச்சு, 2025 பிப்ரவரில மறுபடி பெருங்கனிமமா மாத்திட்டாங்க. காரணம் என்ன தெரியுமா, இந்த பெக்மடைட்டுலதான் லித்தியம், பெரில், டான்டலம் எல்லாம் வரும், சிறு கனிம குத்தகைல எடுக்குறவங்க அதக் கணக்குல காட்டுறதில்ல, ஜல்லியோட ஜல்லியா போயிடுது. நம்ம பக்கத்து வெங்கச்சங்கல் குவாரிக்காரங்க இத தெரிஞ்சு வச்சுக்குறது நல்லது.

மாமா கல்லையும் நெருப்புல காட்டுனேன். உருகல, வெளுத்துச்சு, சிடி வழியா மஞ்சக் கோடு மட்டும்தான். மண்ணுல கெடந்த மத்த கல்ல கெளறுனா கருப்பு டூர்மலின், ரோஸ் ஃபெல்ட்ஸ்பார், வெங்கச்சங்கல். மாமா மூஞ்சி தொங்கிப் போச்சு. லேபுக்கு அனுப்பி வீண் செலவு வேண்டாம்னு சொல்லி வச்சேன். கெணத்துல தண்ணி வந்துச்சான்னு கேட்டேன். "தண்ணி அது வந்துருச்சுடா, எட்டடிக்கு நிக்குது, அத யாரு கேட்டா"ன்னாரு. அந்த மைக்கா கட்டி இப்ப அவரு வீட்டு டிவி மேல இருக்கு, வர்றவங்ககிட்டல்லாம் லித்தியம் இல்லன்னு அவரே உரிச்சுக் காட்டுறாராம்.